மணலிடம் கேட்டது

பேட்டரி பொங்கியிருக்கிறது. எட்வின் கருவியின் பின்மூடியைத் திறந்ததும் பச்சையும் வெள்ளையுமாக ஏதோ உதிர்ந்து மேசைமேல் விழுந்தது, அவனுடைய வேட்டிமேலும் கொஞ்சம். ஞாயிற்றுக்கிழமை வேட்டி, கோயில் முடிந்து நேரே கடைக்கு வந்துவிட்டான், உடுப்புகூட மாற்றவில்லை. ஒரு வருஷம் தொடாமல் போட்டால் பொங்காமல் என்ன செய்யும் அண்ணாச்சி என்கிறான், குற்றமாகச் சொல்லவில்லை, சும்மாதான் சொல்கிறான். எனக்கு அப்பாடா என்றிருக்கிறது. ஓடாது, இன்றைக்கு இது ஓடாது, எழுந்து வீட்டுக்குப் போய்விடலாம், மோர்க்குழம்பு இருக்கிறது, சாப்பிட்டுவிட்டுப் படுக்கலாம். ஆனால் என் மனைவி பகவதி எழுந்திருக்கிற ஆளாக இல்லை. மடியில் பையை வைத்துக்கொண்டு பிளாஸ்டிக் நாற்காலியின் நுனியில், பஸ்ஸுக்குக் காத்திருக்கிறவள் மாதிரி உட்கார்ந்திருக்கிறாள். சரியாக்கிரலாம்லா என்று கேட்கிறாள். பிளேடால் சுரண்டிவிட்டு வேறு பேட்டரி போட்டால் போதும் என்று எட்வின் சொல்கிறான். பாவி, முடியாது என்று ஒரு வார்த்தை சொல்லக் கூடாதா. முடியாது என்று சொல்லத் தெரியாத மெக்கானிக்கை இந்த நாகர்கோவிலில் நான்தான் தேடிக் கண்டுபிடித்தேன், பதினோரு வருஷத்துக்கு முன்னால், ஒரு கெட்டுப்போன டேபிள் ஃபேனோடு. சுரண்டுகிற சத்தத்தில் பல் கூசுகிறது. அவள் அந்தக் கையையே பார்த்துக்கொண்டிருக்கிறாள், நான் அவளைப் பார்க்காமல் இருக்கிறேன்.

தெரியாதவன் பார்த்தால் இதை ஒரு கருவி என்று சொல்லமாட்டான். அலுமினிய டிபன் பாக்ஸ், உள்ளே விரல் நீளத்தில் ஒரு கண்ணாடிக் குழாய், கொஞ்சம் வயர், பழைய ரேடியோவிலிருந்து பிடுங்கின ஸ்பீக்கர். பக்கத்தில் ஊறுகாய் பாட்டில், அதில் மணவாளக்குறிச்சிக் கடற்கரை மணல் ஒரு கைப்பிடி, கறுப்பும் பழுப்புமாக. அந்த மணலுக்குள் இருக்கிற சில அணுக்கள் தானாக உடையும். ஒன்று உடைந்து அதிலிருந்து கிளம்புவது குழாய்க்குள் போனால் ஸ்பீக்கரில் ஒரு டிக். அவ்வளவுதான் விஷயம். ஆனால் இந்த அவ்வளவுதான் எங்கள் மூன்று பேரையும் வருஷக்கணக்காய்ப் பிடித்து ஆட்டியது. இந்த அணு இப்போது ஏன் உடைந்தது, இதே மாதிரியான பக்கத்து அணு ஏன் உடையவில்லை? காரணம் கிடையாது என்று எட்வின் எங்கேயோ படித்துவிட்டு வந்தான். நமக்குத் தெரியாது என்று சொல்லு, ஒத்துக்கொள்கிறேன், கிடையாது என்று எப்படிச் சொல்லுவாய் என்று நான் சண்டைக்குப் போனேன். நான் பொதுப்பணித்துறையில் முப்பது வருஷம் படம் வரைந்தவன், கை வைக்காமல் காகிதத்தில் கோடு விழாது என்பது எனக்கு ரத்தத்தில் ஊறின விஷயம். மூன்று ஞாயிறு தூக்கமில்லாமல் அலைந்து நாலாவது ஞாயிறு ஒத்துக்கொண்டேன், காரணம் கிடையாதுதான். மூன்றாவது ஆள் பத்மதாஸ், கண்டக்டர், இன்றைக்குத் திருவனந்தபுரம் டூட்டி, அதனால் இங்கே இல்லை, நல்லவேளை இல்லை. ஒரு எலக்ட்ரான் ஒரே நேரத்தில் இரண்டு துவாரத்திலும் போகும் என்பதை அவன்தான் எங்களுக்குப் புரிய வைத்தான். ஒரே பயணி முன்வாசல் வழியாகவும் ஏறுகிறான், பின்வாசல் வழியாகவும் ஏறுகிறான், நான் டிக்கெட் கேட்டுப் போகிற வரைக்கும் இரண்டிலும்தான் நிற்கிறான், கேட்டுவிட்டால் ஏதாவது ஒரு வாசலில் நிற்கிறான் என்றான். எட்வின் சிரித்துச் சிரித்து டீயைக் கொட்டினான். கல்லூரிப் பக்கம் போகாத மூன்று பேர், ஃபேன் மோட்டாருக்கும் மிக்சி ஜாருக்கும் நடுவில், உலகத்துக்கு அடியில் என்ன இருக்கிறது என்று பேசிக்கொண்டிருந்தோம். நல்ல நாட்கள்தான் அவை, இல்லையென்று சொன்னால் நாக்கு அழுகிப்போகும்.

மணலைக் கேட்கிற பழக்கம் எப்படித் தொடங்கியது என்று யோசிக்கிறேன். டீயா காப்பியா என்பதில்தான் தொடங்கியிருக்கும். எட்வின் காசைச் சுண்டப் போனான், பத்மதாஸ் கையைப் பிடித்துத் தடுத்தான். காசு விழுவது கட்டைவிரலில் இருக்கிறது, காற்றில் இருக்கிறது, எல்லாம் தெரிந்தவன் ஒருத்தன் இருந்தால் பூவா தலையா என்று முன்னாலேயே சொல்லிவிடுவான், அது உண்மையான தற்செயல் இல்லை என்றான். மணலுக்கு மட்டும்தான் தனக்கே தெரியாது. அன்றிலிருந்து மணல்தான். பாட்டிலை மேசையில் சாக்பீஸ் கோடு போட்ட இடத்தில் வைத்தால் பத்து விநாடிக்கு ஆறு, ஏழு, எட்டு, ஒன்பது என்று டிக் வரும், ஒற்றைப்படை என்றால் டீ, இரட்டைப்படை என்றால் காப்பி. அடுத்த வாரம் எதைப் பேசுவது, கன்னியாகுமரிக்குப் போவதா திற்பரப்புக்குப் போவதா, எல்லாம் மணல். ஒரு கட்சி உண்டே, ஒவ்வொரு தடவை அணு உடைகிறபோதும் உலகமே இரண்டாகப் பிரிகிறது, உடைந்த உலகம் ஒன்று, உடையாத உலகம் ஒன்று, இரண்டும் உண்மை என்று சொல்கிற கட்சி. பத்மதாஸ் அந்தக் கட்சி. நாம டீ குடிக்கும்போ அங்க மூணு பேரு காப்பி குடிச்சிட்டு இருக்கான், காப்பி நல்லா இருக்கும்போல என்பான். கருவி வாரம் ஒருத்தர் வீட்டில் இருக்கும், முறை வைத்து. எங்கள் வீட்டுக்கு வருகிற வாரமெல்லாம் பகவதி வேலையத்த கூட்டம் என்று முணுமுணுத்துக்கொண்டு அதைத் துடைத்து ஃப்ரிட்ஜ் மேல் வைப்பாள். கௌசிக்குத்தான் ரொம்பப் பிடிக்கும். கோயம்புத்தூரிலிருந்து போன் போட்டு, அப்பா, பச்சைச் சுடிதாரா மஞ்சளா, மணல்ட்ட கேளுங்க என்பாள், நான் கேட்டுச் சொல்வேன், அதைத்தான் உடுத்திக்கொண்டு போவாள், சாயந்திரம் போட்டோ அனுப்புவாள். எங்கள் ஒரே பிள்ளை. இருபத்தி ஆறு வயசு.

பழைய பேட்டரியை எட்வின் குப்பைத் தொட்டியில் போடுகிறான், அந்தச் சத்தத்துக்கே எனக்குத் தூக்கிவாரிப் போடுகிறது. பகவதி முந்தானையால் மேசைமேல் சிந்தின தூளைத் துடைக்கப் போகிறாள், தொடாதீங்க அக்கா, அது கையை அரிக்கும் என்று அவன் தடுக்கிறான். அரிக்கட்டும். இல்லை, அப்படி நினைக்கக் கூடாது. வெள்ளிக்கிழமை காலை பத்து மணி அது. நான் லீவு போட்டிருந்தேன், சக்கைப்பழத்துக்காக, பலாவுக்கு எங்கள் ஊரில் சக்கை. அருமநல்லூரிலிருந்து ஒரு நல்ல வரிக்கைச் சக்கை வந்திருந்தது, தானாகப் பழுத்து வீடெல்லாம் மணத்துக்கொண்டிருந்தது, கௌசிக்கு அதென்றால் உயிர், சின்னதில் கொட்டையைக்கூட விடமாட்டாள், சுட்டுத் தின்பாள். பகவதி அடுப்படியில் கைக்கு எண்ணெய் தடவிக்கொண்டு அதை அறுக்க உட்கார்ந்தாள். கௌசி போன் போட்டாள், அடுப்படிக்கும் கேட்கட்டும் என்று ஸ்பீக்கரில் போட்டேன். அப்பா, ஆபீஸ்ல நம்ம ஊர்க்காரங்க நாலு பேரு வேன் எடுக்காங்க, மத்தியானம் கெளம்பும். எனக்கு நாளைக்கு ரயிலுக்கு டிக்கெட் இருக்கு. எதுல வரட்டும்? எனக்கு ஒரே குழப்பமா இருக்கு, மணல்ட்ட கேளுங்க. ஒற்றைப்படைன்னா வேன், இரட்டைப்படைன்னா ரயில். அவளேதான் சொன்னாள் அதை, ஒற்றைக்கு வேன் என்று, நான் சொல்லவில்லை. மீட்டிங்குக்குக் கூப்பிடுகிறார்கள், கேட்டுட்டுப் போன் பண்ணுங்கப்பா என்று வைத்துவிட்டாள். நான் கருவியை ஃப்ரிட்ஜ் மேலிருந்து எடுத்து, வீட்டு மேசையிலும் அதே அளவில் போட்டிருந்த கோட்டில் பாட்டிலை வைத்து, சுவர்க் கடிகாரத்தின் விநாடி முள்ளைப் பார்த்துக்கொண்டே விரல் விட்டு எண்ணினேன். இடது கை முழுவதும் முடிந்தது. வலது கையில் பெருவிரல், ஆட்காட்டி, நடுவிரல்.

எட்டு. மற்றவர்களுக்குத் தெரியாதது இது ஒன்றுதான். எட்வினுக்குத் தெரியாது, பத்மதாஸுக்குத் தெரியாது, பக்கத்தில் உட்கார்ந்து என் நிழலைப் பார்த்துக்கொண்டிருக்கிற இவளுக்குத் தெரியாது. எட்டு வந்தது. இரட்டைப்படை. ரயில், நாளைக்கு. நான் விரலைப் பார்த்தேன், மூக்கில் சக்கை மணம் ஏறியது. ஞாயிற்றுக்கிழமை அவள் வந்து சேரும்போது அந்தச் சுளை குழகுழவென்று ஆகிப்போயிருக்கும் என்று நினைத்தேன். ஞாயிற்றுக்கிழமை வந்து திங்கள் கிளம்பிப் போய்விடுவாள் என்று நினைத்தேன். ஒரு நாள் கூடுதலாகப் பிள்ளையைப் பார்த்தால் என்ன என்று நினைத்தேன். போனை எடுத்தேன். ஏழு மக்ளே, வேன்ல வா என்றேன். ஐ, நான் நெனச்சேன்ப்பா என்றாள். சந்தோஷமாகத்தான் சொன்னாள். சாயந்திரம் ஆறரைக்குச் சாத்தூர் தாண்டி மழை, ரோட்டோரம் விளக்கில்லாமல் நின்ற லாரி. வேனில் வந்த மற்ற நாலு பேரும் காயத்தோடு பிழைத்துக்கொண்டார்கள். கௌசி இடதுபக்க ஜன்னலோரம் உட்கார்ந்திருந்தாள், அவளுக்கு எப்போதும் ஜன்னலோரம் வேண்டும். ஆட்கள் வந்து, போய், தூக்கிக்கொண்டுபோன பிறகும் வீட்டில் சக்கை மணம் போகவில்லை. பெரிய கிண்ணம் நிறைய உரித்து வைத்த சுளை, மூடிபோட்டு, அப்படியே. மூன்றாம் நாள் கருவியை எட்வின் தன் கடைக்கு எடுத்துப்போனான், சுளையை யாரோ மாட்டுக்குப் போட்டார்கள். இப்போது மார்க்கெட்டில் அந்தப் பக்கம் நான் போவதில்லை, சீசன் வந்தால் மூக்கைப் பொத்திக்கொண்டு நடக்கிறேன், தெருவில் போகிறவன் ஏதோ சாக்கடைக்குத்தான் பொத்துகிறேன் என்று நினைப்பான்.

எட்டாம் நாள் பத்மதாஸ் வந்தான். அதற்கு முன்னாலும் தினமும் வந்தான், வாசலோடு நின்றுவிட்டுப் போவான். அன்றைக்குத்தான் உள்ளே வந்து தரையில் எங்களுக்கு எதிரே உட்கார்ந்தான். எச்சில் தொட்டு டிக்கெட் கிழிக்கிற தன் விரலைப் பார்த்தான். பிறகு சொன்னான், காசைச் சுண்டிப் பார்த்திருந்தா நான் இதச் சொல்லமாட்டேன் அண்ணாச்சி, நீங்க மணலக் கேட்டிய. காசு என்றால் அது எப்படியும் அப்படித்தான் விழுந்திருக்கும், ஆனால் மணல் பிரிந்திருக்கும், ஏதோ ஓர் உலகத்தில் எட்டு வந்திருக்கும், அங்கே கௌசி ரயிலில் வந்து சேர்ந்துவிட்டாள் என்றான். வேறு யாராவது கேட்டிருந்தால் அவனை அடித்து வெளியே தள்ளியிருப்பார்கள். துக்க வீட்டில் உட்கார்ந்து பேசுகிற பேச்சா இது? கடவுள் கூப்பிட்டுக்கொண்டார், விதி, நம்ம கையில் என்ன இருக்கு என்று எல்லாரும் சொன்னார்கள், அதையெல்லாம் சொல்ல அவனுக்கு வாய் வரவில்லை, அவனிடம் இருந்தது இது ஒன்றுதான், இருந்ததைக் கொண்டுவந்து வைத்தான். எட்டு என்று அவன் சொன்னதும் நிமிர்ந்தேன். தெரிந்துவிட்டதோ என்று அவன் முகத்தைப் பார்த்தேன். தெரியவில்லை, வாய்க்கு வந்த இரட்டைப்படை எண்ணைச் சொல்லியிருக்கிறான். பகவதி எட்டு நாளாய் வாயைத் திறக்காதவள், தலையைத் தூக்கினாள். அங்க எனக்கு இது தெரியாதா என்று கேட்டாள். தெரியாது மைனி, அங்க நீங்க இப்ப அவகூடச் சண்டை போட்டுட்டு இருப்பிய என்றான் அவன். அவள் தொண்டையிலிருந்து ஒரு சத்தம் வந்தது, சிரிப்பா அழுகையா என்று இன்றுவரை எனக்குத் தெரியாது. பிறகு எழுந்துபோய்ச் சோறு வடித்தாள்.

அந்தச் சோற்றை நான் எப்படிக் கெடுப்பேன். அன்றிலிருந்து வீட்டில் இரண்டு உலகம். அங்க இந்நேரம் மழையாங்க இருக்கும் என்பாள். அங்க கௌசிக்கு அந்த மார்த்தாண்டத்துப் பையன முடிச்சிருப்போம் என்பாள். வேலையத்த கூட்டத்தை ஞாயிறுதோறும் வீட்டுக்குக் கூப்பிட்டு டீ போட்டுக் கொடுத்து அவளே கேள்வி கேட்பாள், எங்களைவிட நல்ல கேள்விகள். பிரிஞ்ச பெறவு ஒண்ணுக்கொண்ணு ஒரு தகவலும் போகாதா? இரண்டு அணுவைச் சேர்த்து வைத்துப் பிறகு தூரமாய்க் கொண்டுபோனால் ஒன்றுக்கு நடப்பது மற்றதிலும் தெரியும் என்றீர்களே, தாயும் பிள்ளையும் அப்படி இருக்காதா? எட்வின் தலையைக் குனிந்துகொண்டு, அது ஒரு ஜோடிச் செருப்பை ஆளுக்கொன்றாகக் கொண்டுபோன மாதிரிகூட இல்லை அக்கா, செருப்பு முன்னாலேயே இடதுதான், இது பார்க்கிற வரைக்கும் இடதுமில்லை வலதுமில்லை, ஆனால் அதை வைத்து ஒரு சொல்கூட அனுப்ப முடியாது என்றான். ஒரு சொல்கூடவா என்றாள். பிறகு கேட்கவில்லை. கௌசியின் போட்டோ ஹாலில் இருக்கிறது, பச்சைச் சுடிதார் போட்டது, கையகலம்தான். பொட்டு வைக்கவில்லை, மாலை போடவில்லை. என் தங்கச்சி ஒருநாள் மல்லிகைச் சரத்தோடு வந்தாள், உயிரோட இருக்கிறவளுக்கு எதுக்கு மாலை என்று பகவதி அதைத் தன் தலையில் வைத்துக்கொண்டாள். தங்கச்சி என்னை அடுப்படிக்குக் கூப்பிட்டு, அண்ணே, மைனியை ஒரு டாக்டரிடம் காட்டு என்றாள். எனக்குக் கோபம் வந்தது, தங்கச்சி மேல் இல்லை.

எல்லாக் கணக்கையும் போட்டுப் பார்த்துவிட்டேன். வேறு என்ன வேலை எனக்கு, கோடு போட்டுப் போட்டுப் பார்த்தேன். ஏழு வந்த உலகம் ஒன்று இருக்கும், அங்கே இருக்கிற தாணு, இன்னொரு நான், ஏழு என்று உண்மையைச் சொல்லியிருப்பான், வேன். ஒன்பது வந்த இடத்தில் ஒன்பது என்பான், வேன். ஆறு வந்த இடத்தில்? அங்கேயும் சக்கை பழுத்துத்தான் இருக்கும், அங்கேயும் அவனுக்கு ஒரே பிள்ளைதான், அவனும் ஏழு மக்ளே என்றுதான் சொல்லியிருப்பான். மணல் எத்தனையாகப் பிரிந்தாலும் எல்லாவற்றிலும் நான் உட்கார்ந்திருக்கிறேன், போனைக் கையில் வைத்துக்கொண்டு. மணல் அவளுக்குப் பாதி உலகத்தில் ரயிலைக் கொடுத்தது, அத்தனை ரயிலையும் நான் நிறுத்தினேன். சரி, என் மண்டைக்குள்ளும் அணுக்கள்தானே, அங்கேயும் ஏதாவது பிரிந்து ஒரு தாணுவாவது உண்மையைச் சொல்லியிருக்கமாட்டானா என்று பிடித்துத் தொங்கிப் பார்த்தேன். அதற்கு நான் கொஞ்சமாவது தயங்கியிருக்க வேண்டும். சொல்லலாமா வேண்டாமா என்று ஒரு விநாடி இழுபறி இருந்திருந்தால் அந்த இடத்தில் பிரிந்திருக்கும், ஒருவன் இந்தப் பக்கம் விழுந்தால் இன்னொருவன் அந்தப் பக்கம் விழுந்திருப்பான். திரும்பத் திரும்ப அந்தக் காலையைத் துழாவுகிறேன், ஒரு தயக்கம் அகப்படாதா என்று. அகப்படவில்லை. எட்டைப் பார்த்ததும் ஏழு என்று வந்துவிட்டது, தாகம் எடுத்தவன் தண்ணீரை எடுக்கிற மாதிரி. அவ்வளவு ஆசையாக இருந்தது அவளைப் பார்க்க. பிள்ளையைப் பார்க்க ஆசைப்படாத தாணு ஒருவன் எங்கேயாவது இருந்தால் அவன் வீட்டில்தான் அவள் உயிரோடு இருப்பாள். அவனை நினைத்தால் வயிறு எரிகிறது. இப்போது அவளைத் திட்டிக்கொண்டிருப்பான், எப்பப் பாரு போன்தானா, வந்து சோறு தின்னு என்று, திட்டுவது எவ்வளவு பெரிய பாக்கியம் என்று தெரியாத மூதேவி.

ஒன்பது வோல்ட் பேட்டரி கடையில் இருந்ததெல்லாம் தீர்ந்துவிட்டதாம். செட்டிகுளம் பக்கம் ஒரு கடை ஞாயிற்றுக்கிழமையும் திறந்திருக்கும், பத்து நிமிஷத்தில் வந்துவிடுகிறேன் என்று எட்வின் செருப்பை மாட்டிக்கொண்டு கிளம்புகிறான். ஷட்டரைப் பாதி இறக்கிவிட்டுப் போகிறான், வாடிக்கைக்காரர்கள் உள்ளே வந்துவிடாமல் இருக்க. நானும் அவளும். ஷட்டருக்குக் கீழே தெருவில் போகிறவர்களின் கால்கள் மட்டும் தெரிகின்றன. வருகிற சனிக்கிழமையோடு ஒரு வருஷம். நேற்று ராத்திரி சாப்பிட்டுக் கைகழுவும்போது சொன்னாள், நாளைக்கு எட்வின் கடைக்குப் போவோம், எனக்கு அந்தச் சத்தத்தை ஒரு தடவை கேக்கணும் என்று. எதற்கு என்று நான் கேட்கவில்லை, கேட்டால் வேறு ஏதாவது சொல்லவேண்டி வரும். இப்போது பேட்டரி வரும், போடுவான், டிக் டிக் என்று ஆரம்பிக்கும், அவள் என் முகத்தைப் பார்ப்பாள், என் விரல்கள் தானாக எண்ணத் தொடங்கும், இடது கை முழுவதும், பிறகு வலது கை. எனக்குத் தாங்காது. அந்தச் சத்தம் வருவதற்குள் சொல்லிவிட வேண்டும், சொன்னால் அவளுடைய கௌசி அங்கேயும் செத்துப்போவாள், இரண்டாம் தடவை, அதையும் நானே செய்யவேண்டும். சொல்லாவிட்டால்? சாகும்வரை இவள் அந்த ஊர் மழையைக் கேட்டுக்கொண்டிருப்பாள், நான் ஆமா ஆமா என்று தலையாட்டிக்கொண்டிருப்பேன், ஒருநாள் தூக்கத்தில் உளறுவேன். அவள் கையைப் பார்க்கிறேன். பையின் ஜிப்பைத் திறந்து மூடித் திறந்து மூடிக்கொண்டிருக்கிறது அந்தக் கை. வளையல் போட்ட தழும்பு இன்னும் போகவில்லை, ஒரு வருஷமாய் அவள் வளையல் போடவில்லை, இதை எப்படி இவ்வளவு நாள் நான் கவனிக்கவில்லை. பிள்ளை உயிரோடு இருப்பதாக நம்புகிறவள் ஏன் வளையலைக் கழற்றினாள்? எட்வினுடைய தண்ணீர் பாட்டிலை எடுத்துக் குடிக்கிறேன், சூடான தண்ணீர், குடித்து முடித்து மூடியைப் போடத் தெரியாமல் திருகிக்கொண்டே இருக்கிறேன்.

"பகவதி," என்கிறேன். "அன்னைக்கு ஏழு வரல்ல. எட்டுதான் வந்துச்சு."

கத்துவாள் என்று நினைத்தேன். பையைத் தூக்கி எறிவாள், நெஞ்சில் அடித்துக்கொள்வாள், என்னை அடிப்பாள், அடிக்கட்டும் என்று கண்ணை மூடிக்கொண்டேன். ஜிப் சத்தம் நின்றது. தெருவில் ஓர் ஆட்டோ போனது. கண்ணைத் திறந்தபோது அவள் மணல் பாட்டிலை எடுத்துக் கையில் வைத்துக்கொண்டிருந்தாள், லேசாகச் சாய்த்துச் சாய்த்து, மணல் ஒரு பக்கத்திலிருந்து இன்னொரு பக்கம் போவதைப் பார்த்துக்கொண்டு.

"தெரியும்," என்றாள்.

என்ன தெரியும் என்று கேட்டேனா, கேட்க நினைத்தேனா தெரியவில்லை. அவள் என்னைப் பார்க்காமல், மணலைப் பார்த்தே சொன்னாள்.

"அடுப்படிக்கு அந்தச் சத்தம் நல்லாக் கேக்கும். சுளை எடுத்துட்டே நானும் எண்ணுனேன். நீங்க எப்ப அத வச்சாலும் எண்ணுவேன், உங்கட்டச் சொன்னதில்ல, சிரிப்பிய. எட்டு. ஐயோ ஞாயித்துக்கிழமைதான் வருவாளான்னு இருந்துச்சு. அப்பந்தான் நீங்க போன்ல ஏழு மக்ளேன்னு சொன்னிய."

பாட்டிலைச் சாக்பீஸ் கோட்டில் திரும்ப வைத்தாள், சரியாகக் கோட்டின்மேல், அதைத் தொட்டுத் தொட்டு நேராக்கினாள்.

"எனக்குச் சந்தோஷமா இருந்துச்சு," என்றாள்.

அப்புறம் எதுக்கு, என்று நான் ஆரம்பித்தேன். எதுக்கு இந்த ஒரு வருஷமா அங்க மழை, அங்க கல்யாணம், பத்மதாஸுக்கு டீ. முடிக்க முடியவில்லை. நீங்க அதப் பிடிச்சுட்டுத்தான் ரெண்டு வாய் சாப்பிடுதியன்னு நெனச்சேன் என்றாள். நான் அவளுக்காகத் தலையாட்டினேன், அவள் எனக்காகக் கேள்வி கேட்டாள், நடுவில் பச்சைச் சுடிதார் போட்டுக்கொண்டு ஒரு பிள்ளை ஒரு வருஷம் எங்களுக்காகச் சாகாமல் நின்றுகொண்டிருந்திருக்கிறது. அடுப்படியிலிருந்து ஒரு வார்த்தை, எட்டுல்லா என்று ஒரு வார்த்தை அவள் சொல்லியிருந்தால். அவளும் அதைத்தான் நினைக்கிறாள், ஒவ்வொரு நாளும் நினைத்திருக்கிறாள், எண்ணெய் தடவின கையை வைத்துக்கொண்டு. அவளிடம் கேட்க எனக்கு என்ன யோக்கியதை இருக்கிறது. நான் அவள் கையைப் பிடித்தேன். அவள் உதறவில்லை. அழுகை அவளுக்கு வருவதற்கு முன் எனக்கு வந்துவிட்டது, எட்வின் கடைக்குள், மிக்சி ஜார்களுக்கு நடுவில், அறுபது வயசுக்காரன், மூக்கு ஒழுக.

ஷட்டர் தூக்குகிற சத்தம். எட்வின் எங்கள் முகத்தைப் பார்த்தான், நல்ல பையன், முகத்தைத் திருப்பிக்கொண்டு பேட்டரியைப் பொருத்தினான், ஸ்விட்சைத் தட்டினான். ஒன்றுமில்லை. பிறகு டிக். சும்மா இருந்தது. டிக், டிக். ஒரு வருஷம் கேட்பதற்கு ஆளில்லாமல் பாட்டிலுக்குள் உடைந்துகொண்டே இருந்திருக்கிறது, நாங்கள் கேட்டாலும் கேட்காவிட்டாலும். என் விரல்கள் அவள் கைக்குள் மடங்கத் தொடங்கின, அவளுடையதும் மடங்கியது, என் உள்ளங்கையில் அது தெரிந்தது.

"மணல்ட்ட என்ன கேக்கணும் அக்கா?" என்றான் எட்வின்.

"ஒண்ணும் கேக்கண்டாம் தம்பி. நிறுத்திரு."

அவன் நிறுத்தினான். அவள் எழுந்து பையைத் தோளில் மாட்டிக்கொண்டாள், முந்தானையால் முகத்தைத் துடைத்தாள், மறுபடி துடைத்தாள்.

"போற வழியில வடசேரியில இறங்கிப் பூ வாங்கணும்," என்றாள் என்னிடம். "சின்னப் போட்டோதானே. ஒரு முழம் போதும்."